மாத்திரை டப்பா குலுங்குகிறது, என்ன செய்ய? – எச்.ஐ.வி. பற்றி வாசகர் கேள்விகள்

1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. நான் இந்த வட்டாரத்தில் எச்.ஐ.வி. ஆலோசகர் வேலைக்கு வந்த காலத்தில், எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் எத்தனை நாள்?" 2004 ஏப்ரலில் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை, அதாவது எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் மாத்திரைகளை, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இப்போது வருகிற கடிதங்களில் நோன்பு, கூலி, பிரியாணி எல்லாம் இருக்கின்றன. எனக்கு இந்தக் கேள்விகள்தான் பிடிக்கின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஊர்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.

பீடி சுற்றுகிறேன் மேடம். ஐந்து வருடமாக மாத்திரை போடுகிறேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. உடம்பு முடியாதபோது மட்டும் போனால் போதாதா?
– குடியாத்தம் பக்கம்

போதாது அம்மா. உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். மருந்து வைரஸைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது, அடியோடு ஒழிப்பதில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் வருடத்துக்கு ஒருமுறை வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற சோதனை) எடுக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய கிரியாட்டினின் பார்ப்பதும் சும்மா இல்லை. இப்போது பெரும்பாலோருக்குத் தருகிற ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது, அது சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும்.

கூலி போவது நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் வைரஸ் அடங்கி, ஒழுங்காக வருகிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரை சேர்த்துத் தருவதுண்டு. கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டே இணைப்பு மையம் (ஏ.ஆர்.டி. மையத்தோடு சேர்ந்து மாத்திரை தரும் சிறு மையம்) இருந்தால் அங்கே மாற்றித் தரச் சொல்லலாம். பீடிக் கட்டு ஒப்படைத்த மறுநாள் வேலை கொஞ்சம் மெதுவாகத்தானே இருக்கும்? அந்த நாளாகப் பார்த்துத் தேதி கேளுங்கள். நீங்களாக வாய் திறக்காவிட்டால் அவர்களுக்கு வசதியான தேதியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

லாரி ஓட்டுகிறேன். வடக்கே லோடு போய் மாட்டிக்கொண்டதில் ஒரு மாதம் மாத்திரை விட்டது. அப்புறம் திட்டுவார்கள் என்று மையத்துக்குப் போகவில்லை. இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டது. இனி எந்த முகத்தோடு போவது?
– வாலாஜா

இருக்கிற முகத்தோடுதான். நாளைக்கே போங்கள்.

உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். நான்கு மாதத்தில் லோடு தின்றது ஒரு மாதம். மீதி மூன்று மாதத்தை வெட்கம் தின்றிருக்கிறது. இதில் எங்கள் பங்கும் உண்டு. பல வருடத்துக்கு முன்னால், கூட்டம் நெரிந்த ஒரு திங்கட்கிழமை, இரண்டு மாதம் கழித்து வந்த ஒருவரை நான் வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே கேட்டேன்: "இது என்ன மிட்டாயா, நினைச்சா சாப்பிட, நினைச்சா விட?" அவர் தலையைக் குனிந்து சிரித்தார். மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து எட்டு மாதம் வரவே இல்லை. வந்தபோது காசநோயோடு வந்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து விட்டுத் திரும்புகிறவர்களிடம் என் முதல் வார்த்தை "வந்துட்டீங்களா, உட்காருங்க" என்பதுதான். எல்லா இடத்திலும் இப்படி இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். யாராவது இரண்டு வார்த்தை கடிந்து சொன்னாலும் காதில் வாங்கிக்கொண்டு மாத்திரையை வாங்கிவிடுங்கள்.

அங்கே போய்க் கதை கட்டாதீர்கள். "நாலு மாசம் விட்டுப்போச்சு" என்று ஒரே வரி சொன்னால் போதும். தினமும் போட்டதாகச் சொல்லிவிட்டால், சோதனையில் வைரஸ் ஏறியிருப்பதைப் பார்த்து மருந்தே வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைப்பார். தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்கு மாற்ற வேண்டி வரும். வீட்டில் மீதி மாத்திரை இருந்தால் நீங்களாகத் தொடங்காமல் அதையும் எடுத்துப் போங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, இதில் ஒன்று இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இனி லோடு ஏறும்போது பயண நாளைவிடப் பத்து நாள் கூடுதலாக மாத்திரை இருக்கட்டும். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உங்கள் மையத்துக்குப் போன் போடுங்கள். வழியில் இருக்கும் வேறு மையத்தில் வாங்க ஏற்பாடு உண்டு, மையத்தில் தந்த சிகிச்சைப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். டப்பாவை டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய மாத்திரை, கத்திரி வெயிலில் நம்ம ஊர் 40ஐத் தாண்டுகிறது. கண்ணாடிக்குள் இன்னும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் நான் கவனித்தது. மையத்துக்கு வருவதை நிறுத்துவதற்கு முன்னால் வேறொன்று வீட்டில் நின்றிருக்கும். ஒருவர் சவரம் செய்வதை விட்டிருப்பார். ஒரு அம்மா காலையில் வெறும் டீயோடு நிறுத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் கூட்டாளிகள் கூப்பிட்டாலும் போனை எடுத்திருக்க மாட்டார். "எப்போ மாத்திரையை விட்டீங்க?" என்று கேட்டால் தேதி தெரியாது. "எப்போ சரியாச் சாப்பிடறதை விட்டீங்க?" என்று கேட்டால் தெரியும். உங்களுக்கு அப்படி என்ன நின்றுபோனது என்று ஒரு நாள் யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை அது நிற்கும்போதே மையத்துக்குப் போன் போட்டுவிடலாம்.

கூட்டுக் குடும்பம். மாமியார் வீட்டில் கணவருக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் வரும்போது மாத்திரை டப்பா பையில் குலுங்குகிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. மையத்துக்குப் போகவே பயமாக இருக்கிறது.
– ஆற்காடு

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். பிளாஸ்டிக் டப்பாவில் முப்பது மாத்திரை, மேடு பள்ளத்தில் பஸ் ஏறி இறங்கும்போது கிலுகிலுப்பை மாதிரி. உங்களைப் போல ஒருவர் டப்பாவின் வாயில் சுத்தமான பஞ்சு அடைத்துக்கொண்டு வருவார். பஞ்சு காய்ந்ததாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காகிதத்தில் மடித்து வைப்பதும் வேண்டாம், ஈரம் ஏறும். பல பெண்கள் டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளிக்கிறார்கள். ஒரு விதத்தில் நல்ல இடம்தான், காய்ந்து குளிர்ச்சியாக இருக்கும். மூடி இறுக்கமாக இருந்தால் சரி. தண்ணீர்ப் பானைப் பக்கமும் அடுப்பு மேடையும்தான் ஆகாது.

உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை யாரும் வெளியே சொல்லக்கூடாது. 2017இல் இதற்கென்றே சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை, வீடு, படிப்பு, சிகிச்சை எதிலும் இதைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. சட்டம் மாமியாரின் கண்ணைக் கட்டாது, தெரியும். அதனால் கணவரைத் தவிர இன்னும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அக்காவோ பள்ளித் தோழியோ. கணவர் ஊரில் இல்லாத மாதம் யார் உங்களோடு பஸ் ஏறுவார் என்று யோசித்தாலே அந்தப் பெயர் வந்துவிடும். யாருமே இல்லை என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ரம்ஜானில் நோன்பு வைக்கலாமா?
– மேல்விஷாரம்

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை மட்டும் என்றால் தாராளமாக. இஃப்தாருக்குப் பின்னோ சஹரிலோ, ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை மருந்து இருப்பவர்கள், காசநோய் மருந்தும் சேர்ந்து ஓடுகிறவர்கள், நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மூட்டு வலிக்கு கால்சியம், வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். எல்லாம் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறேன். பரவாயில்லையா?
– காட்பாடி

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. உங்கள் மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருந்தால் (புதிய ஒற்றை மாத்திரையில் இருக்கும்) கால்சியமும் இரும்புச் சத்தும் வெறும் வயிற்றில் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். ஜெலுசில் போன்றவற்றுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஜெலுசில். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். மெட்ஃபார்மின் வேறு கதை. டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதனால் சர்க்கரை டாக்டருக்கும் இந்த மாத்திரை விஷயம் தெரிய வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் மாத்திரைப் பெயரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். அவர் புரிந்துகொள்வார். நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றுக்கும் இதே சீட்டு வழிதான்.

மகனுக்குப் பதினேழு வயது. பிறந்ததிலிருந்தே இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. சத்து மாத்திரை என்று சொல்லியே வளர்த்தேன். இப்போது போட மாட்டேன் என்கிறான், மையத்துக்கும் வர மாட்டேன் என்கிறான்.
– வாணியம்பாடி

அம்மா, பதினேழு வயதுப் பையன் கையில் போன் இருக்கிறது. டப்பா மேல் மருந்தின் பெயர் இருக்கிறது. அவன் எப்போதோ தேடிப் பார்த்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். இப்போது அவன் கோபம் நோயின் மேல் இல்லாமல், நீங்கள் சொல்லாததன் மேல் இருக்கலாம்.

நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யாருமே உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வழக்கமாக நாங்கள் எட்டு, பத்து வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வோம்: ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது, பிறகு ஒரு நாள் பெயர். அந்தப் படிகளை இப்போது ஒரே மாதத்தில் ஏற வேண்டியிருக்கிறது. முதலில் நீங்கள் மட்டும் ஆலோசகரைப் பாருங்கள். பிறகு அவனைக் கூப்பிட்டு, அவர் முன்னால் நீங்களே சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அவன் கேட்கப்போவது பெரும்பாலும் இதுதான்: "எனக்குக் கல்யாணம் ஆகுமா?" ஆகும். மாத்திரை ஒழுங்காகப் போட்டு, வைரல் லோடு சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. வரப்போகிற பெண்ணிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நல்ல செய்தியை உங்கள் வாயால் கேட்கட்டும்.

அப்புறம், கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் உங்கள் மாத்திரையை எங்கே நின்று போடுகிறீர்கள்? சமையலறைக் கதவுக்குப் பின்னாலா? பதினேழு வருடமாக அவன் பார்த்தது அதுதான். இனி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் பார்க்கப் போடுங்கள். மையத்துக்கு உங்கள் தேதியும் அவன் தேதியும் ஒன்றாக இருக்கும்படி கேளுங்கள். வெளியே வந்ததும் அவனுக்குப் பிடித்த கடையில் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். இது லஞ்சம் என்று ஒரு டாக்டர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார். லஞ்சமாகவே இருக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள் குடிப்பேன். குடிக்கிற அன்று மாத்திரை போடக்கூடாது என்று விட்டுவிடுகிறேன்.
– ராணிப்பேட்டை

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் தம்பி. வாரத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு நூறு நாளுக்கு மேல் மருந்தில்லாமல் இருக்கிறீர்கள். குடித்த அன்றும் மாத்திரை உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும் முன் போட்டுவிட்டுப் போங்கள். குடியை விடுவது பற்றி மையத்திலேயே பேசுங்கள், ஆனால் அது முடிகிற வரை மாத்திரை காத்திருக்க முடியாது.

சத்து பவுடர் அவசியமா? பிரியாணி சாப்பிடலாமா?
– ஆம்பூர்

பவுடர் வேண்டாம். அந்தக் காசில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள், கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் நம்ம பக்கம் மலிவுதானே. புது மாத்திரையில் சிலருக்கு எடை ஏறுகிறது, அதனால் மாதம் ஒருமுறை எடை பார்த்துக்கொள்ளுங்கள். பிரியாணி? ஆம்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? சாப்பிடுங்கள். கத்தரிக்காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிடாமல் அதையும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.