செந்தூல் தங்கைக்கு: புரொஃபைலில் உங்கள் வேலையைக் காணோம்

கேள்வி: எனக்கு வயது 27. பங்சார் சௌத்தில் ஒரு சின்ன ஏஜென்சியில் 4 வருடமாக எஸ்இஓ (கூகுள் தேடலில் வெப்சைட்டை முன்னால் கொண்டுவரும் வேலை), கூகுள் விளம்பரம் இரண்டையும் பார்க்கிறேன். வேறு இடம் மாறலாம் என்று 3 மாதமாக விண்ணப்பிக்கிறேன், ஓர் அழைப்புகூட இல்லை. என் லிங்க்ட்இன் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். 'எஸ்இஓ எக்ஸ்பர்ட்னு போடு' என்கிறாள் தோழி. 'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. கை வரமாட்டேன் என்கிறது. போன வருடம் ஒரு பல் கிளினிக்கின் வெப்சைட்டில் 'ஸ்கேலிங்' பக்கத்தோடு, மலாயில் 'சுச்சி கிகி' (பல் சுத்தம்) என்று தனிப் பக்கம் எழுதினேன். வாரத்துக்கு 4, 5 ஃபோன் வந்துகொண்டிருந்தது, 6 மாதத்தில் 11, 12 ஆகிவிட்டது. இதையெல்லாம் வெளியே எழுதலாமா? நான் வேலை தேடுவது பாஸுக்குத் தெரிந்துவிடுமா?
- வாசகி, செந்தூல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடிதத்தையும் படித்தேன், புரொஃபைலையும் திறந்து பார்த்தேன். கடிதத்தில் பார்த்த பெண்ணைப் புரொஃபைலில் காணவில்லை. பல் கிளினிக் கதையை எனக்கு நாலு வரியில் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அங்கேயோ 4 வருட உழைப்புக்கு ஒரே வரி: 'கிளையன்ட்டுகளின் எஸ்இஓ, எஸ்இஎம் (தேடல் விளம்பரம்) பணிகளைக் கவனித்தல்.' இந்த வரியை எந்த ஏஜென்சியில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆள் தேடுகிறவர் இதைப் படித்து உங்களை எப்படி அடையாளம் காண்பார்?

'எக்ஸ்பர்ட்' வேண்டாம். உங்கள் கை வராதது சரிதான். நானும் சில வருடம் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். 'கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தேன்' என்று எழுதியிருந்த ஒரு தம்பியிடம், எந்த வார்த்தைக்கு என்று கேட்டோம். அந்தக் கம்பெனியின் சொந்தப் பெயருக்கு என்றார். சொந்தப் பெயரைத் தேடினால் சொந்த வெப்சைட் முதலில் வரத்தானே செய்யும்? மற்ற வேலைகளை அவர் உருப்படியாகவே செய்திருந்தார். ஆனால் அந்த ஒரு வரியால் மற்றதையும் நாங்கள் சந்தேகத்தோடு பார்த்தோம், எடுக்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்காது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. குடம் தளும்ப வேண்டாம், உள்ளே தண்ணீர் இருப்பது மட்டும் வெளியே தெரியட்டும். செய்ததைச் செய்தபடி சொன்னால் அது தற்பெருமை ஆகாது. கிளினிக் வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: 'கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல் கிளினிக். நோயாளிகள் தேடும் மலாய்ச் சொல்லுக்கு வெப்சைட்டில் பக்கமே இல்லை என்று கண்டுபிடித்தேன். தனிப் பக்கம் எழுதினேன். வாரத்துக்கு 4, 5 ஆக இருந்த அழைப்புகள் 6 மாதத்தில் 11, 12 ஆயின.' அந்த 6 மாதத்தில் விளம்பரச் செலவும் கூடியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நேர்காணலில் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கேட்பதற்கு முன்பே சொன்னவரை யாருக்கும் பிடிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தை நீங்களே கவனிக்கவில்லை. 'ஸ்கேலிங்' டாக்டர் வாயில் வரும் சொல், 'சுச்சி கிகி' நோயாளி வாயில் வரும் சொல். இந்த வித்தியாசம் உங்களுக்கு உடனே பிடிபட்டதே, அதுதான் இந்த ஊரில் தேடல் மார்க்கெட்டிங்கின் உயிர். கோலாலம்பூரில் ஏர்கோன் ஒழுகினால் யார் 'ஏர் கண்டிஷனர்' என்று முழுசாகத் தட்டுகிறார்கள்? ஒருவர் 'ஏர்கோன் செர்விஸ்' என்று தேடுவார், இன்னொருவர் 'சுச்சி ஏர்கோன்' என்று தேடுவார். பைப் உடைந்தால் ஒரு வீட்டில் 'பிளம்பர்', அடுத்த வீட்டில் 'துக்காங் பைப்'. ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று கீவேர்ட் டூல் சொல்லும். தேடுவதற்கு முதலில் எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்பது, பள்ளியில் மலாயும் வீட்டில் தமிழும் ஆபீசில் ஆங்கிலமும் பேசுகிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் சட்டென்று தோன்றும். உங்கள் புரொஃபைலிலோ மொழிகள் பகுதி காலியாகக் கிடக்கிறது! இன்றைக்கே மூன்றையும் போடுங்கள். தமிழையும் விடாதீர்கள்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் பதவிப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. 220 எழுத்துவரை அங்கே இடம் உண்டு. ஆனால் தேடல் பட்டியலில் முன்பகுதிதான் கண்ணில் படும். டைட்டில் டேக் (கூகுள் பட்டியலில் தெரியும் பக்கத் தலைப்பு) எழுதும்போது கிளையன்ட்டுக்கு என்ன செய்வீர்களோ அதையே உங்களுக்கும் செய்யுங்கள். 'எஸ்இஓ, கூகுள் ஆட்ஸ்' முன்னால் வரட்டும், பிறகு 'மலாய், ஆங்கிலத் தேடல்', அதன் பிறகு நீங்கள் பழகிய துறை. 'பேஷனேட்', 'டைனமிக்' எல்லாம் யாரும் தேடாத சொற்கள். 'அபவுட்' பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம் என்றாலும் முதல் சில வரிகளுக்குப் பிறகு மடங்கிவிடும். கிளினிக் கதையை அந்த முதல் வரிகளிலேயே வையுங்கள்.

பழசையும் கொஞ்சம் துடைக்க வேண்டும். வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுளின் பழைய டூல் 'யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்' ஸ்கில்ஸில் இன்னும் இருக்கிறது. அது 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு எடுப்பதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஜிஏ4தானே தினமும் பயன்படுத்துகிறீர்கள், அதைப் போடுங்கள். கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், உங்களுடையது காலாவதி ஆகிவிட்டது. கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் தேர்வு இலவசம், 80 விழுக்காடு எடுத்தால் போதும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

உங்கள் பெயரையும் கவனித்தேன். புரொஃபைலில் ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பதுபோல் ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரோடு நீளமாக இருக்கிறது, சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது. ஆபீசில் எந்தப் பெயரில் உங்களைத் தெரியுமோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். இணைப்பு முகவரியின் வாலில் தொங்கும் எண்களையும் எடுத்துவிட்டு அந்தப் பெயரையே போடலாம். இரண்டு நிமிட வேலை.

கிளையன்ட் விஷயத்தை எழுதலாமா என்று கேட்டீர்களே. முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு என்ன சொல்கிறது என்று படியுங்கள். அது இடம் கொடுத்தாலும் கிளினிக் பெயர் வேண்டாம், ரிங்கிட் கணக்கு வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் நோயாளியின் பெயரோ ஃபோன் நம்பரோ தெரிந்துவிட்டால், அது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரை போகும் விஷயம். துறையையும், செய்த வேலையையும், கூடிய அளவையும் உங்கள் வார்த்தையில் சொன்னால் போதும். தேடலில் பக்கம் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை கிளிக் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்குதான் நிற்கும். அந்தப் பக்கத்துக்குத் தேடலிலிருந்து வந்த கிளிக்கும் கூடியதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாஸ். வேலை தேடுவதாகப் புரொஃபைல் படத்தில் காட்டும் பச்சை வளையம் போடாதீர்கள், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். 'ஓப்பன் டு வொர்க்' அமைப்பில் ரெக்ரூட்டர்களுக்கு (ஆள் தேடுகிறவர்களுக்கு) மட்டும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்கப் பார்ப்பார்கள், ஆனால் நூறு சதவீதம் உறுதி சொல்ல மாட்டோம் என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. நம் ஊரில் ஏஜென்சி வட்டமும் சின்னது. அதனால் நான் சொன்ன திருத்தங்களைத் தொடங்கும் முன், புரொஃபைல் மாற்றங்களை நண்பர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றாமல் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பாஸ் பார்த்துக் கேட்டால், 4 வருடமாகத் திருத்தாமல் கிடந்ததைத் திருத்தினேன் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. மாற்றி முடித்ததும் இணைப்பை மறுபடி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.