கிரெடிட் பாயிண்ட் சேர்கிறது, மனதில் எதுவும் நிற்பதில்லை: குடும்ப மருத்துவர் எப்படிப் படிப்பைத் தொடர்வது?

கேள்வி இது: "தனியாக கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர் நான். தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன், கிரெடிட் பாயிண்டும் சேர்கிறது. ஆனால் மறுநாள் நோயாளி முன்னால் உட்காரும்போது எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அறிவை உண்மையிலேயே புதுப்பித்துக்கொள்ள என்ன வழி? அதற்கு நேரம் எங்கே?"

பத்தொன்பது வருடமாகக் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் உங்கள் நிலைமைதான் என்னுடையதும். எனக்கு எங்கே பிடி கிடைத்தது என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் பொருந்துகிறதா பாருங்கள்.

2019இல் ஆஸ்துமா பற்றிய ஒரு கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜீனா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அந்த வருடம்தான் பெரிய திருப்பம் எடுத்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஏதாவது ஒரு வகையில் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. பேசியவர் தெளிவாகத்தான் பேசினார். நானும் குறிப்பெடுத்தேன். அதற்கப்புறம் எட்டு மாதம் பழையபடியே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாலை ஓர் ஆசிரியை வந்தார். கைப்பையிலிருந்து சால்பூட்டமால் உள்ள நீல இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தார். "டாக்டர், இது மட்டும் போதுமா? போன மாதம் ரெண்டு தடவை ராத்திரி எழுந்து அடிக்க வேண்டியதாகிவிட்டது" என்றார். "போதும்மா" என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அவர் அன்றைக்கு நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால், "நாளைக்குச் சொல்கிறேன், ஒரு விஷயம் பார்க்க வேண்டும்" என்றேன்.

அன்றிரவு இருபது நிமிடம் உட்கார்ந்து படித்தேன். நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரித்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அடித்தவுடன் சுகமாக இருப்பதால் நோயாளியும் அதையே நம்புவார், நாமும் அதையே எழுதுவோம். லேசான ஆஸ்துமா என்று நாம் நினைப்பவர்களுக்கும் திடீரென்று கடுமையான இழுப்பு வரலாம். குறைந்த அளவு ஸ்டீராய்டு சேர்த்தால் அந்த ஆபத்து குறைகிறது. மறுநாள் அவரை வரச் சொல்லி மருந்தை மாற்றினேன். இன்ஹேலரை என் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொன்னேன். அவர் முதலில் அழுத்திவிட்டு, ஒரு நொடி கழித்து இழுத்தார். மருந்தில் பாதி வாயிலேயே தங்கிவிட்டது. அதையும் சேர்த்துச் சரிசெய்தோம். அன்றிலிருந்து ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலரை மட்டும் தனியாக நான் எழுதியதில்லை.

அரங்கில் கேட்டதும் அதே விஷயம்தான். அங்கே அது யாருக்கோ வந்த விடையாக இருந்தது. மேசைமேல் அந்த இன்ஹேலர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது என் கேள்வியாயிற்று.

கூட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கல்விக் கூட்டங்களைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பில் 215 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் போனவர்கள் சரியான முறையைப் பின்பற்றுவது சராசரியாக 7 சதவீதப் புள்ளி அளவுக்கு உயர்ந்திருந்தது. சின்ன மாற்றம், ஆனால் மாற்றம்தான். வெறுமனே உட்கார்ந்து கேட்பதைவிட, கேஸ் கொடுத்துப் பேச வைக்கும், கையால் செய்து பார்க்க வைக்கும் கூட்டங்களே நடைமுறையை அதிகம் மாற்றுகின்றன என்று 1999இலேயே டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். அதனால் நான் இப்போது அழைப்பிதழில் பேச்சாளர் பெயரைப் பார்ப்பதில்லை. கலந்துரையாட எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. நோயாளி உட்கார்ந்திருக்கும்போது மனதில் எழும் சந்தேகத்தை ஒரே வரியில் எழுதி வைக்கிறேன். "70 வயது, சிறுநீரகம் பாதி வேலை செய்கிறது, மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) எவ்வளவு தரலாம்?" அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் என் படிப்பு மொத்தமும் இப்போது இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இதற்குப் பின்னால் நல்ல ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் ஜான் ஈலி என்பவரும் சக ஆய்வாளர்களும் 103 குடும்ப மருத்துவர்களின் பக்கத்தில் இருந்து, அவர்களுக்கு எழுந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டார்கள். 1999இல் அது வெளியானது. மொத்தம் 1,101 கேள்விகள். பத்து நோயாளிக்கு ஏறக்குறைய மூன்று. அதில் 64 சதவீதக் கேள்விகளுக்கு விடை தேட யாரும் முயலவில்லை. ஆனால் தேடப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கு விடை கிடைத்துவிட்டது, சராசரியாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் இதை முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் தேடாமல் விட்ட கேள்விகள் எத்தனை, அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் என்ற நினைப்பு வந்துவிட்டது. விடை இருக்காது என்று நாமே முடிவுகட்டி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இருக்கிறது.

எங்கே தேடுவது என்றால், அசல் ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் தரமான வழிகாட்டுதல், அது போதாவிட்டால் காக்ரேன் மாதிரித் தொகுப்பு. கட்டுரைக்குள் இறங்கினால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த மருந்தால் நோயாளி கூடுதல் நாள் வாழ்கிறாரா, கஷ்டம் குறைகிறதா, அல்லது ஒரு பரிசோதனை எண் மட்டும் அழகாகிறதா? 1989இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வு முடிவை மறக்காதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு வரும் தாறுமாறான இதயத் துடிப்பை ஃபிளெக்கனைடு, என்கனைடு என்ற மருந்துகள் நன்றாகவே அடக்கின, இசிஜி தெளிவானது. ஆனால் அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் பேர் இறந்தார்கள். நல்ல மருத்துவர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிய மருந்து அது.

நோட்டிலிருந்து இன்னொரு கேள்வி. "சர்க்கரை நோய், இதய நோய் இல்லை, பதினைந்து வருடமாக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். தொடரலாமா?" நான் படித்த காலத்தில் இதற்கு யோசனையே தேவைப்பட்டதில்லை, தொடர வேண்டியதுதான். 2018இல் வந்த அசெண்ட் ஆய்வைத் தேடிப் படித்தேன். இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகள், சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல். ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஆஸ்பிரின் இல்லாதவர்களில் 96 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஏதாவது ஒன்று வந்தது. சாப்பிட்டவர்களில் 85 பேருக்கு. சரி, 11 பேர் தப்பினார்கள். ஆனால் பெரிய அளவு ரத்தக்கசிவு 32 பேருக்குப் பதில் 41 பேருக்கு வந்தது. அதாவது 9 பேர் கூடுதல்.

இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி அந்த நோயாளி முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எனக்கு வயிற்றில் புண் வந்திருக்கிறதே டாக்டர், அப்போ எனக்கு இந்த ஒன்பது பக்கம்தானே கூடும்?" என்று கேட்டார். சரியாகப் பிடித்துவிட்டார். நிறுத்தினோம். (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.) அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. சந்தேகம் எழுந்தால்தானே நோட்டில் எழுதுவோம்? தெரியும் என்று நினைத்துத் தவறாகச் செய்துகொண்டிருப்பது நோட்டுக்கு வரவே வராது. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிடுவதையும் வெளியிலிருந்து மதிப்பிடுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2006இல் தொகுத்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டுக்கும் பெரிய தொடர்பே இல்லை, அல்லது தலைகீழாக இருந்தது. எனவே நமக்கு எது தெரியாது என்பதை நம்மை மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலைத்தான் கேட்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை வருடம் ஒரு முறையாவது பார்க்கிறீர்களா என்று யாராவது கேட்டிருந்தால், எல்லோருக்கும் பார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் நர்ஸும் கடைசியாக வந்த 30 சர்க்கரை நோயாளிகளின் ஃபைலை எடுத்து வைத்துப் பார்த்தோம். 11 ஃபைலில்தான் பாதம் பார்த்த குறிப்பு இருந்தது. எனக்கு உண்மையிலேயே வலித்தது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழையான பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, எப்படிப் பார்ப்பது என்றும் தெரியும். இதில் என் அறிவில் குறை எதுவும் இல்லை, இன்னொரு விரிவுரை கேட்டும் பயனில்லை. என்ன தடுக்கிறது என்று நர்ஸைக் கேட்டேன். "சார், அவங்க ஷூவும் சாக்ஸும் போட்டுட்டு உள்ள வந்து உட்கார்ந்துடறாங்க. நீங்க கழட்டச் சொல்றதுக்குள்ள அடுத்த ஆள் வந்துடறாங்க" என்றார். அன்றிலிருந்து சர்க்கரை நோயாளிகள் உள்ளே வரும் முன்பே அவர் காலணியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி 30 ஃபைல் எடுத்தோம். 25இல் குறிப்பு இருந்தது.

இதைத்தான் ஆடிட் என்கிறோம். பெயர் பயமுறுத்துகிறது, வேலை இவ்வளவுதான். 2012இல் காக்ரேன் 140 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒரு தடவைக்கு மேல் செய்வதும், எட்ட வேண்டிய இலக்கும் திட்டமும் கையில் இருப்பதும், நாம் மதிக்கும் சக மருத்துவர் வழியாக முடிவு வருவதும் பலனைக் கூட்டுகின்றன என்று கண்டார்கள். தனியாக கிளினிக் வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று மருத்துவர்களோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, ஆளுக்கு ஒரு கேஸ், நோயாளியின் பெயர் இல்லாமல். சரியாகப் போகாத கேஸைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் குழுவில் விதி. நர்ஸும் உட்காரட்டும். நாம் கவனிக்காதது அவர்களுக்குத் தெரியும்.

நிபுணரோடு இப்படிச் சேர்ந்து கேஸ் பேசினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எக்கோ திட்டம் சாட்சி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003இல் அதைத் தொடங்கினார். தொலைவில் இருந்த முதல்நிலை மருத்துவர்கள் வாரம்தோறும் வீடியோவில் வந்து ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள், நோயாளி அவர்களிடமே சிகிச்சை பெறுவார். 2011இல் முடிவு வெளியானது. பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள், இந்த முதல்நிலை மருத்துவர்களிடம் 58.2 சதவீதம் பேர். அன்றைய இன்டர்ஃபெரான் சிகிச்சை எவ்வளவு கடினமானது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நம்மால் முடியாது என்று அனுப்பிவைப்பதில் எவ்வளவோ நம்மால் முடிகிறவைதான்.

படித்தது நிற்க ஒரு சின்ன வழி: திரும்பப் படிக்காதீர்கள், உங்களை நீங்களே கேள்வி கேளுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். நான் நோட்டின் வலப்பக்கம் கேள்வியும் அதன் பின்பக்கம் விடையும் எழுதுகிறேன். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் விடையைச் சொல்லிப் பார்ப்பேன்.

மருந்து கம்பெனி நடத்தும் கூட்டங்களுக்கு நான் போவதில்லை. புது மருந்தைப் பற்றி முதலில் கேள்விப்படுவது அதை விற்பவரிடமிருந்தாக இருக்கக் கூடாது என்பது என் முடிவு.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைசி நோயாளி போனதும் கதவைப் பூட்டுவதற்கு முன் இருபது நிமிடம், அதே நாற்காலியில். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் நடக்காது, எனக்கு ஒரு நாளும் நடந்ததில்லை. நோட்டில் அன்றைக்கு ஐந்து கேள்வி இருந்தால் ஐந்தையும் பார்க்க வேண்டாம். எதில் நம் விடை தவறாக இருந்தால் நோயாளிக்கு அதிகம் கெடுதலோ அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். விடை கிடைத்ததும் அந்த நோயாளிக்கு அன்றைக்கே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். மற்ற நான்கும் நாளை வரை காத்திருக்கும்.