துட்டி கேட்க யாரும் வரவில்லை

கேள்வி: சிஸ்டர், 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். அம்மாவுக்கும் தொற்று இருந்ததால் முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. இன்றைக்கும் தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறார். 'இத்தனை வருஷமாச்சே' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: புற்றுநோய் முற்றியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். அந்த மே மாதம் என்னையும் கொரோனா வார்டில் போட்டார்கள். மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவில் மார்ஃபின் கொடுத்தால் தவிப்பு அடங்கும். அது எனக்குப் பழகிய வேலை. பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாமல் ஒருவரை அனுப்பிவைப்பது பழகாத வேலை. செல்போனைப் பாலித்தீன் பையில் போட்டு அவர்கள் காதோரம் பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிர்முனையில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது.

ஒருநாள் பிணவறை வாசலில் ஒரு அம்மா, "முகத்தை மட்டும் காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்டார். கூடாது என்று அனுப்பிவிட்டேன். உடலை வைத்த பையின் ஜிப்பைத் திறந்து உறவினருக்கு முகம் காட்டலாம், தொடாமல் மந்திரம் சொல்லலாம், தீர்த்தம் தெளிக்கலாம் என்று 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவதுதான் கூடாது. பிற்பாடுதான் படித்தேன். அந்த அம்மா கட்டியிருந்த பச்சைச் சேலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். சாவு வீடு என்றால் பத்து நாளாவது ஆட்கள் வந்து உட்கார்ந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று துட்டி கேட்பார்கள். ஒரே கதையை ஐம்பது தடவை சொல்லிச் சொல்லித்தான் நம் பெண்களுக்கு மனசு ஆறும். உங்கள் அம்மா அதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லியிருப்பாரா? நாங்கள் நோயாளி போன பிறகும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போவோம், மருந்துப் பை இல்லாமல். பெரும்பாலும் காபி குடித்துக்கொண்டு கேட்பதுதான் வேலை.

வருகிற திதிக்கு அத்தை, சித்தப்பா எல்லோரையும் வரச்சொல்லுங்கள். அன்றைக்கு விட்டுப்போன துட்டியை இப்போது கேட்கட்டும். அம்மா பேசும்போது "விடும்மா, அழாதே" என்று யாரும் குறுக்கே விழ வேண்டாம். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதங்கள் இருந்தால், தெரிந்த டாக்டரிடம் காட்டி, அப்பாவுக்குக் கடைசியில் என்னென்ன செய்தார்கள் என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். 'தனியாகத் தவித்திருப்பாரோ' என்பதுதான் பலரை இன்னும் அரிக்கிறது.

இன்னொன்று. சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை எல்லாம் நின்றுபோய், துக்கம் மட்டும் ஆறு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால், அதையும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்றாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. அப்படி இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 'நானும் போயிடுறேன்' என்று பேசினால் ஒரு நாளும் தள்ள வேண்டாம். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பைக் சத்தத்துக்கு எழுந்து போனால் தடுக்காதீர்கள். கூடவே வாசல் வரைக்கும் போய்விட்டு வாருங்கள்.