கடையில் செழிப்பு, வீட்டில் வாட்டம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பளபளவென்று இருந்த ஃபைக்கஸ் பெஞ்சமினா செடியை வாங்கி வந்து பத்து நாள் ஆகிறது. தினமும் இலை கொட்டுகிறது, அதுவும் பச்சையாகவே. தண்ணீரைக் கூட்டினேன், உரம் வைத்தேன். பெரிய தொட்டிக்கு மாற்றினால் பிழைக்குமா?

பதில்: மாற்றாதீர்கள். உரத்தையும் நிறுத்துங்கள். புதுச் செடிகள் பெரும்பாலும் நோயால் சாவதில்லை, முதல் இரண்டு வாரத்தில் நாம் காட்டும் அளவுகடந்த அக்கறையால்தான் சாகின்றன.

ஃபைக்கஸ் இடம் மாறினாலே இலையைக் கொட்டும். பண்ணையின் நல்ல வெளிச்சத்தில் வந்த இலை தடிமனாக இருக்கும். வீட்டின் மங்கலான வெளிச்சத்தில் அந்த இலையால் தன் செலவுக்குப் போதுமான உணவைக்கூடத் தயாரிக்க முடியாது. அதனால் செடி அதை உதிர்த்துவிட்டு, குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற மெல்லிய இலையை விடுகிறது. நடுவில் உள்ள சில வாரங்கள் பார்க்கச் சகிக்காது, அவ்வளவுதான்.

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், உச்சி வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் வெளிச்சம் போதும். மங்கலான திட்டாகத் தெரிந்தால் போதாது. ஏசி காற்று நேரே அடிக்கக் கூடாது. இடத்தை முடிவு செய்தபின் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் செடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

இலை குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் காயாது, வேர் மூச்சுத் திணறும். மேல்மண் 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். பெரிய தொட்டியிலும் இதே ஆபத்துதான்: வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பின்னாளில் மாற்றும்போதும் இப்போதைய தொட்டியைவிட 3 முதல் 5 செ.மீ. அகலம் கூடினால் போதும்.

உரம் அதிகமாகப் போய்விட்டது என்று தோன்றினால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை ஒரே ஒரு முறை மெதுவாக ஊற்றி, முழுவதையும் வடியவிடுங்கள். மண்ணில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் அல்லது பழுப்பு உருண்டைகள் தென்பட்டால் அவை பூச்சி முட்டை அல்ல, மெல்லக் கரையும் உரம். அவற்றில் சத்து இருக்கும்வரை வேறு உரம் தேவையே இல்லை.

உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் காத்திருக்கலாம். நுனியில் பழுப்பாக இருந்தால், பச்சை தெரியும்வரை கீழே கீழே சுரண்டிப் பார்த்து, அதற்கு மேல் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: வாங்கி மூன்று வாரமான பீஸ் லில்லி துவண்டு கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் நிமிரும் என்றார்கள். ஊற்றினேன், நிமிரவில்லை.

பதில்: பீஸ் லில்லி தாகத்திலும் துவளும், வேர் அழுகினாலும் துவளும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தும் துவண்டிருந்தால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். இனி ஊற்றும் தண்ணீர் தீங்குதான் செய்யும்.

செடியைத் தொட்டியோடு சாய்த்து, மண்கட்டியோடு வெளியே எடுங்கள். ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே முடி போன்ற நரம்பு மட்டும் தொங்கும். சாக்கடை நாற்றமும் அடிக்கும். எழுபது சதவீத ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால், நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். வேரில் பாதி போய்விட்டால் கிழட்டு இலைகளில் மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துவிடுங்கள்.

மீந்த வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டி போதும். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கனிமத் துகள்) ஒரு பங்கு, மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு. உரம் வேண்டாம். ஒரு முறை நனைத்து வடியவிட்டு, ஒளிபுகும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, வெயில் படாமல் இரண்டு வாரம் வையுங்கள். தினமும் பத்து நிமிடம் பையைத் திறந்துவிட வேண்டும். புது இலைச்சுருள் தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது.

அழகுக்காக வைத்திருக்கும் ஓட்டையில்லாத வெளித்தொட்டியையும் பாருங்கள். அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. தொட்டிக்குள் மண்ணுக்கு அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது பிடிவாதமான ஒரு தவறான நம்பிக்கை. நுண்ணிய மண்ணில் நிற்கும் நீர், பெரிய இடைவெளி கொண்ட கல்லுக்குள் எளிதில் இறங்காது. ஈரமண் இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஓட்டைதான் வேண்டும்.

கேள்வி: தண்ணீர் ஊற்றிய உடனே அடியில் கொட்டிவிடுகிறது. ஆனாலும் செடி வாடுகிறதே?

பதில்: கடைச் செடிகள் பலவும் பீட் மாஸ் (சதுப்பு நிலத்துப் பாசி மட்கு) கலவையில் வருபவை. அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளியும் விட்டுவிடும். ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியே ஓடிவிடும், நடுவில் மண் பொடியாகக் கிடக்கும். ஒரு வாளியில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, செடியை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் உள்ளே வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். செடி மிதந்து சாய்ந்தால் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

பிறகு எப்போதாவது மண்ணைப் பிரிக்க நேர்ந்தால், தண்டுக்கு நேர் கீழே மெல்லிய வலைப்பை இருக்கிறதா பாருங்கள். நாற்று வளர்த்த பை அது. வேரை இறுக்கியிருந்தால் கத்தரித்து எடுங்கள். வேர் அதைத் தாண்டி நன்றாகப் பரவியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

கேள்வி: மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன. இலைக்கணுவில் பஞ்சு போலவும் ஏதோ இருக்கிறது.

பதில்: இரண்டும் வேறுவேறு. ஈ வருவது ஈரமண்ணால். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் குறைந்துவிடும். பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. அதே எழுபது சதவீத ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். முதலில் ஓர் இலையில் சோதித்து, மறுநாள் கருகாவிட்டால் தொடருங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, நான்கு வாரம். எந்தப் புதுச் செடியையும் மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கேள்வி: என் குட்டிக் கள்ளிச்செடியில் பூ இரண்டு மாதமாக வாடவே இல்லை. செடிதான் சுருங்குகிறது. பூ சத்தை உறிஞ்சுகிறதா?

பதில்: அது கள்ளியின் பூவே அல்ல. காகிதம் போன்ற இதழுள்ள ஸ்ட்ராஃப்ளவர் என்ற உலர்ந்த பூவைச் சூடான பசையால் உச்சியில் ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் மூடிக்கொண்டு, காய்ந்தால் விரிவதால் நிஜப்பூ போலவே ஏமாற்றும். சுருங்குவதற்குக் காரணம் பூ அல்ல, பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு அல்லது வேரழுகல். மேலே சொன்னபடி வேரைப் பாருங்கள். பூவின் இதழ்களைக் கத்தரித்துவிடுங்கள். பசை எளிதில் வராவிட்டால் பிய்க்க வேண்டாம், வளர்முனை கிழிந்துவிடும். செடி வளரும்போது பசை பக்கவாட்டில் நகரும். தழும்பு மட்டும் கொஞ்ச காலம் தெரியும்.