குடிக்காதவர்கள் ஒயின் பண்ணைக்குப் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஜார்ஜியாவில், திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். வருகிற அக்டோபரில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். ககேதி பக்கம் வீட்டிலேயே ஒயின் செய்யும் ஒரு விவசாயக் குடும்பத்திடம் அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். நாங்கள் இருவருமே குடிப்பதில்லை, மனைவி சைவம் வேறு. அங்கே எங்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? மகளோடு போய் உட்காருவது சங்கடமாக இருக்காதா? பேசாமல் ஒரு பெரிய ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்ன வீட்டுக்கே போங்கள். ஆலையில் பெரும்பாலும் எஃகுத் தொட்டிகளைக் காட்டிவிட்டு நாலு ரகம் ஊற்றித் தருவார்கள், குடிக்காதவருக்கு அங்கே அதிக வேலை இல்லை.

வீட்டுப் பண்ணையில் மரானி என்று ஒரு அறையோ கொட்டகையோ இருக்கும். உள்ளே போனால் தரையில் வட்ட வட்டமான வாய்கள்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கீழே, ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு மண் தாழி கழுத்து வரை புதைந்திருக்கிறது. க்வெவ்ரி என்பார்கள். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். மிதித்த திராட்சையைச் சாறு, தோல், விதை, பல வீடுகளில் காம்பு என்று எல்லாவற்றோடும் அதற்குள் இறக்கிவிடுகிறார்கள். பொங்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து வரும், அதை நீளமான கட்டையால் ஒரு நாளைக்குப் பல தடவை கீழே அமுக்கிவிட வேண்டும், விட்டால் காய்ந்து காடியாகப் போய்விடும். நீங்கள் போகிற சமயம் அறுவடைக் காலம் என்பதால் இந்த வேலையையே பார்க்கக் கிடைக்கலாம். ஆனால் ஆர்வத்தில் முகத்தை உள்ளே நீட்டிவிடாதீர்கள், கரியமில வாயு மூச்சை அடைக்கும்.

தாழியின் அடி கூம்பாகக் குறுகியிருப்பதற்கும் காரணம் உண்டு. விதைகள் அந்த முனையில் போய்ப் படிந்து, மேலே வண்டல் மூடிக்கொள்ளும், அதனால் விதையின் கசப்பு அளவோடு நிற்கும். அப்புறம் மூடியைக் களிமண்ணால் அடைத்து வசந்தம் வரை விட்டுவிடுகிறார்கள். வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் மண்ணுக்குள் சூடு பெரிதாக ஏறி இறங்காது. வெள்ளைத் திராட்சையே ஆனாலும் மாதக்கணக்கில் தோலோடு கிடந்து தேன் நிறத்துக்கு வந்துவிடும். காலியான தாழிக்குள் இறங்கி, செர்ரி மரப்பட்டையைக் கட்டிச் செய்த தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். அந்தத் தூரிகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8000 ஆண்டுக்கு முந்தைய ஒயினின் தடயம் இருப்பதாக 2017-ல் ஆய்வு வந்தது. க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைகளைவிட இந்த முறை பிழைத்து வந்த கதைதான் எனக்குப் பெரிது. சோவியத் காலத்து ஆலைகளுக்கு அளவே முக்கியம், ஒரு சில ரகங்களே போதும் என்றார்கள். 1985-ல் தொடங்கிய கோர்பச்சேவின் மது எதிர்ப்பு நடவடிக்கையில் தோட்டங்களையே பிடுங்கினார்கள். 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, அந்தச் சந்தை மறுபடி திறக்க 2013 ஆனது. இத்தனைக்கும் நடுவில் தங்கள் வீட்டுத் தேவைக்கென்று நாலு தாழியை நிரப்பிக்கொண்டே இருந்த குடும்பங்களால்தான் இந்த முறை இன்றும் இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போவது அப்படிப்பட்ட ஊர்க்காரர்களை.

சங்கடம் பற்றிக் கேட்டீர்கள். அங்கே பந்தியில் தமதா என்று ஒருவர் முன்னோர்களை, குழந்தைகளை, வந்த விருந்தாளிகளை நினைத்து ஒவ்வொரு முறையும் பேசிய பிறகுதான் மற்றவர்கள் குவளையைத் தூக்குவார்கள். மகளோடு தாராளமாக உட்காரலாம். ஆனால் குடிக்க மாட்டோம் என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், ஊற்றிய பிறகு மறுத்தால்தான் மனம் கோணும். உங்கள் மனைவிக்கு அக்ரூட் அரைத்து வைத்த கத்தரிக்காய், லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பு, மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி எல்லாம் உண்டு. லோபியோவில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ஒயின் வேண்டாம் என்றால் அக்ரூட்டைக் கோர்த்துத் திராட்சைக் கூழில் தோய்த்துக் காயவைத்த சர்ச்கேலா வாங்குங்கள், அதில் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கும். அறுவடை நேரத்தில் வீட்டில் எல்லாருமே தோட்டத்தில் இருப்பார்கள், அதனால் மகளை முன்கூட்டியே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தோதான நாளுக்கு உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.