மானாவாரிப் பருத்திக்குத் தொழுவுரமும் தழைச்சத்தும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கரிசல் நிலத்தில் மழையை மட்டுமே நம்பிப் பருத்தி பயிரிடுகிறேன். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இட்டும், விதைத்து ஒரு மாதம் ஆவதற்குள் செடிகள் வெளுத்து வளர்ச்சி குன்றிவிடுகின்றன. அவ்வளவு உரத்தில் போதிய தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்காதா?

பதில்: நீங்கள் இட்ட அளவில் குறையில்லை. உரம் முழுமையாக மக்கியிருந்ததா, இட்ட பிறகு மண்ணில் ஈரம் நின்றதா என்ற இரண்டையும்தான் ஆராய வேண்டும். நன்கு மக்கிய தொழுவுரத்தில் ஏறத்தாழ 0.5 சதவீதம் தழைச்சத்து இருக்கும் என்பதால் 5 டன்னில் 25 கிலோ வரை இருக்கலாம். கணக்குக்கு இது சுமார் 54 கிலோ யூரியாவுக்குச் சமம். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். எஞ்சியது அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல மெல்ல வெளிப்படும். அந்த ஒரு பங்கையும் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருபவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். மேல்மண் காய்ந்துவிட்டால் அவற்றின் வேலை நின்றுவிடும். வேரும் சத்தை உறிஞ்ச இயலாது. ஆகவே மானாவாரியில் மழை தள்ளிப்போகும்போது தழைச்சத்தும் சேர்ந்தே தள்ளிப்போகிறது.

ஒரு மாதத்திற்குள் செடி வெளுக்கிறது என்பதால், அரைகுறையாக மக்கிய உரத்தின் மீதே என் ஐயம் அதிகம் செல்கிறது. குவியலின் நடுவிலிருந்து ஒரு கை உரத்தை எடுத்துப் பாருங்கள். வைக்கோல் துண்டுகள் அடையாளம் தெரியும்படி கிடந்து, உள்ளே சூடு இருந்து, மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் அது இன்னும் பக்குவப்படவில்லை. பக்குவப்பட்ட உரம் கருத்து, பொலபொலவென்று உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு இருக்கும். வைக்கோல், தட்டை போன்றவற்றில் தழைச்சத்தை விடக் கரிமச்சத்து (கார்பன்) பல மடங்கு மிகுதி. அந்த விகிதம் முப்பதுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டும்போது, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்கின்றன. இளஞ்செடி பட்டினி கிடப்பது இந்தக் காலத்தில்தான். பருத்திமாரை, அதாவது அறுவடைக்குப் பின் எஞ்சும் பருத்தித் தண்டுகளை, அப்படியே உழுதுவிட்டு உடனே விதைப்பதிலும் இதே தொல்லை உண்டு. அதைத் துண்டாக்கிச் சாணக்கரைசல் தெளித்து மக்கவைத்த பிறகே நிலத்தில் சேர்க்க வேண்டும்.

உரக்குவியலை வயலில் வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவைப்பது பெரும் இழப்பு. தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நிழலில் குவித்து, ஈரம் காத்து, மண்ணால் மூடி வைத்து, கடைசி உழவுக்கு முன் பரப்பி, அன்றே உழுது மூடிவிடுங்கள். உரம் குறைவாக இருந்தால் வயல் முழுவதும் தூவாமல் விதைக்கும் சாலில் மட்டும் இடுவது மேல். தொழுவுரத்தின் முதல் பயன் மண்ணுக்கு நீரைப் பிடித்து வைக்கும் திறனைக் கூட்டுவதே என்பது என் உறுதியான கருத்து. மானாவாரி நிலத்தில் தழைச்சத்துக்கு நிகராக அதையும் மதிக்க வேண்டும்.

கேள்வி: யூரியாவை எப்போது, எவ்வளவு இடுவது? மழை பெய்யாமல் நாள் கடந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: மண் பரிசோதனைப்படி ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து தேவை என்று வைத்துக்கொள்வோம், அது ஏறத்தாழ 35 கிலோ யூரியா. முதல் மாதத்தில் பருத்தி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து மிகச் சிறிது. சப்பை (பூ மொட்டு) கட்டத் தொடங்கியதிலிருந்து காய் பருக்கும் வரையில்தான் தேவை உச்சத்தில் இருக்கும். ஆகவே பாதியை விதைக்கும்போதும், மறுபாதியை 40 முதல் 45 நாட்களுக்குள் களை எடுத்து, நல்ல மழை பெய்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதும் இடுவது பொருத்தம். காரத்தன்மையுள்ள கரிசலின் மேற்பரப்பில் வீசிவிட்டுப் போனால் யூரியாவில் ஒரு பகுதி சில நாட்களிலேயே அம்மோனியாவாக ஆவியாகிவிடும். செடியிலிருந்து சற்றுத் தள்ளிக் கோடு கிழித்து இட்டு, மண் அணைத்துவிடுங்கள். செம்மண்ணில் கனமழை வந்தால் சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், அங்கே இதையே மூன்று தவணையாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

நாள்காட்டியைப் பார்த்து வறண்ட மண்ணில் உரம் இடுவதால் ஒரு பயனும் இல்லை. மழை பொய்த்தால் 2 சதவீத யூரியா கரைசலை, அதாவது 10 லிட்டர் நீருக்கு 200 கிராம் என்ற அளவில், மாலை வேளையில் இலைகளில் தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தாலும் இதில் கிடைப்பது 2 கிலோவுக்கும் குறைவான தழைச்சத்துதான் என்பதால், அடுத்த மழை வரை செடியைத் தாங்கிப் பிடிக்க இது உதவுமே ஒழிய, மண்ணில் இடும் உரத்துக்கு மாற்றாகாது. விட்டுப்போன தவணையை 90 நாளுக்கு மேல் சேர்த்து இட வேண்டாம். அப்போது இட்டால் புதுத் துளிர் பெருகிக் காய் முற்றுவது தாமதமாகும். அதற்குள் நிலத்தின் ஈரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: தொழுவுரத்துக்குப் பதில் கோழி எரு இடலாமா?

பதில்: இடலாம். தொழுவுரத்தை விடப் பல மடங்கு தழைச்சத்து கொண்டது என்பதால் குறைந்த அளவே போதும். பச்சையாக இட்டால் இளவேர் கருகும். மக்கவைத்த பிறகே இடுங்கள்.

கேள்வி: பருத்தியின் ஊடே உளுந்து விதைத்திருக்கிறேன். அது தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்பதால் யூரியாவை நிறுத்திவிடலாமா? பருத்தி இலைகள் சிவக்கவும் தொடங்கியுள்ளன.

பதில்: நிறுத்த வேண்டாம். உளுந்து வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் தழைச்சத்தில் பெரும்பகுதி அதன் பருப்புக்குள்ளேயே போய்விடுகிறது. வேரும் உதிர்ந்த இலையும் மக்கித் தரும் பலன் பெரும்பாலும் அடுத்த பயிருக்குத்தான். உளுந்தை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் அந்தப் பலனாவது நிலத்தில் தங்கும்.

சிவப்பைப் பார்த்ததும் யூரியாவைத் தேடிப் போக வேண்டாம். முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர்பச்சை நிறக் குஞ்சுகள் பக்கவாட்டில் நகர்ந்து ஓடினால் அது தத்துப்பூச்சி. அப்போது இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, ஓரத்திலிருந்து சிவந்து வரும். அந்த நிலையில் கூடுதலாக யூரியா இட்டால் இலை மேலும் மிருதுவாகி, பூச்சி பெருகுவதற்கே வழி செய்யும். அடியிலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் சிவந்தால் மக்னீசியம் குறைபாடு. மக்னீசியம் சல்பேட் கரைசலை இலைவழி தெளித்தால் சரியாகும். பூச்சியும் இல்லாமல், அடியிலைகள் நரம்போடு சேர்ந்து முழுதாக மஞ்சளித்துப் பின் சிவந்து உதிர்ந்தால், மண்ணில் ஈரமும் இருந்தால், அப்போதுதான் அது தழைச்சத்துக் குறைவு. யூரியாவின் இரண்டாம் பாதியை அந்த ஈரத்திலேயே இட்டுவிடுங்கள்.