மூன்று நிறப் பூனையும் அடங்கிப்போன குரோமோசோமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. போன வாரம் வகுப்பில் செல் பிரிதல் நடத்திக்கொண்டிருந்தேன். "மைட்டாசிஸில் ஒரு தாய் செல்லிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு சேய் செல்கள் உருவாகின்றன" என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க வீட்டுப் பூனைக்கு மஞ்சள், கறுப்பு, வெள்ளைன்னு மூணு நிறமும் இருக்கு மிஸ். எல்லா செல்லும் ஒரே மாதிரின்னா ஒரே உடம்புல எப்படி இத்தனை நிறம்?" என்று கேட்டாள். பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் உண்டு, ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று அடங்கிவிடும், அதனால்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் விடவில்லை. "எதை அடக்கணும்னு யார் முடிவு பண்றது? செல் பிரியும்போது அந்த முடிவு அடுத்த செல்லுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். புத்தகத்தில் 'பார் உறுப்பு' (அடங்கிய எக்ஸ் மைக்ராஸ்கோப்பில் புள்ளியாகத் தெரிவது) பற்றி இரண்டு வரிக்கு மேல் இல்லை. நீங்கள் விளக்க முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தை லேசாக வழித்தெடுத்துச் சாயமேற்றினால் மைக்ராஸ்கோப்பில் பார் உறுப்பு தெரியும் என்கிறார்கள். மாணவர்களை வைத்தே அதைச் செய்து காட்டலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வியோடு மரபியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதை ஒரு பள்ளி மாணவி தன் வீட்டுப் பூனையைப் பார்த்தே கேட்டிருக்கிறாள். அவளை மழுப்பி அனுப்பாமல் விடை தேடும் உங்களுக்கும் என் வணக்கம்.

பூனையிலிருந்தே தொடங்கலாம். பூனை முடிக்கு நிறம் தரும் நிறமி இரண்டு வகை. ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும், மற்றது மஞ்சள். கறுப்பை நிறுத்தி மஞ்சளைத் தயாரிக்க வைக்கும் மாற்றம் ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். எந்த இடத்தில் என்பது 2025இல்தான் முறையாக வெளியானது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே தேடி ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவின் புரதக் குறிப்பு இல்லாத பகுதியில் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. மரபணு கெட்டுப்போகவில்லை. நிறமிச் செல்லில் சும்மா இருக்க வேண்டிய அது அங்கே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு மரபணு எங்கே பேச வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தவறினாலே போதும், ஒரு பிராணியின் நிறமே மாறிவிடுகிறது.

கடுவனுக்கு ஒரே எக்ஸ். அதில் இந்த மாற்றம் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் கறுப்பு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் மாற்றம் இருந்து மற்றதில் இல்லாமல் போகலாம். அப்போதுதான் இரண்டு நிறமும் திட்டுத்திட்டாக வருகின்றன. அந்தப் பூனை குட்டி போட்டால் ஆண் குட்டிகளின் நிறத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சில மஞ்சளாக இருக்கும், சில கறுப்பாக இருக்கும், வெள்ளை யாருக்கு வேண்டுமானாலும் சேர்ந்து வரலாம். மஞ்சளும் கறுப்பும் கலந்த கடுவன் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்றுதான் என்பார்கள். அப்படிப் பிறப்பவை பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய் என்று ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பெற்றவை. வெள்ளைக்குக் காரணம் எக்ஸில் இல்லாத கிட் என்ற வேறொரு மரபணு. நிறமிச் செல்கள் போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது.

அடங்கிய எக்ஸை முதலில் கண்ணால் பார்த்ததும் பூனையில்தான். கனடாவின் ஒன்டாரியோவில் மர்ரே பாரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களைத் தொடர்ந்து தூண்டி, அவை களைத்துப்போகும்போது உள்ளே என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் சாயத்தை நன்றாக உறிஞ்சிய ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது, மற்ற பூனைகளில் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் புள்ளி இருந்ததெல்லாம் பெட்டைகள். 1949இல் அதை வெளியிட்டார்கள். பாரின் பெயரால் அதுதான் பார் உறுப்பு. 1959இல் சுசுமு ஓனோ அந்தப் புள்ளி சுருண்டு கிடக்கும் ஒற்றை எக்ஸ் குரோமோசோம் என்று காட்டினார்.

இந்தத் துண்டுகளைக் கோத்தவர் மேரி லயன். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தராத காலத்தில் அங்கே படித்தவர் (1948இல்தான் தரத் தொடங்கினார்கள்). ரோம நிறம் எக்ஸோடு சம்பந்தப்பட்ட பெண் எலிகளில் திட்டுத்திட்டான நிறம் இருந்தது. ஒரே எக்ஸோடு பிறந்த எலிகள் நன்றாக வளர்ந்து குட்டியும் போட்டன. ஓனோவின் சுருண்ட எக்ஸும் கையில் இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்து, கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது, எந்த ஒன்று என்பது தற்செயல், அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே தேர்வைத் தொடர்கின்றன என்று 1961இல் ஒரு சின்னக் கட்டுரையில் எழுதினார். அந்த அனுமானம் அப்படியே நின்றுவிட்டது. மரபியலில் இதைவிடச் சிக்கனமாகச் செய்த பெரிய கண்டுபிடிப்பை நான் பார்த்ததில்லை.

சரி, முடிவெடுப்பது யார்? மேலே இருந்து உத்தரவு போட யாரும் இல்லை. அடக்கும் கருவி எக்ஸிலேயே இருக்கிறது. எக்ஸிஸ்ட் என்ற அந்த மரபணு 1991இல் தெரியவந்தது. அது புரதம் எதையும் தயாரிப்பதில்லை. மனிதரில் சுமார் 17,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏவை (மரபணுவைப் படித்து எடுக்கும் நகல் இழை) மட்டும் உண்டாக்குகிறது. அந்த ஆர்என்ஏ செல்லுக்குள் எங்கும் அலைவதில்லை, தான் பிறந்த குரோமோசோமின் மேலேயே படிந்து அதை முழுக்கப் போர்த்திவிடுகிறது. பிறகு அது அழைத்துவரும் புரதங்கள், மரபணுக்களைப் படிக்கும் நொதிகளை வெளியேற்றி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் 'படிக்காதே' என்ற ரசாயன அடையாளங்களை வைக்கின்றன. குரோமோசோம் சுருங்கிப் போகிறது. மனிதரின் எக்ஸில் 800க்கும் மேற்பட்ட புரத மரபணுக்கள் உண்டு. அவ்வளவும் பெண்ணுக்கு இரட்டிப்பாக வேலை செய்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எண்ணிக்கையிலும் ஒழுங்கு உண்டு. மூன்று எக்ஸ் இருந்தால் இரண்டு அடங்கும், ஒன்றே இருந்தால் எதுவும் அடங்காது. எது அடங்கும் என்பது மட்டும் அந்தந்தச் செல்லின் தற்செயல்.

உங்கள் மாணவியைப் போல நானும் அதிகம் யோசித்தது அடுத்த கேள்வியைத்தான். செல் பிரியும்போது இந்த முடிவு எப்படிக் கைமாறுகிறது?

பிரிவதற்கு முன் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது இழை உருவாகிறது. அடங்கிய எக்ஸின் மரபணுக்களுடைய தொடக்கப் பகுதிகளில் சைட்டோசின் எழுத்துகளின் மேல் மீத்தைல் என்ற சின்ன ரசாயனக் குறி ஒட்டியிருக்கும். பழைய இழையில் அந்தக் குறி இருக்கும், புதிய இழையில் இருக்காது. இப்படி ஒரு பக்கம் மட்டும் குறி உள்ள இடங்களைத் தேடிப் பிடித்து மறுபக்கத்திலும் குறி வைப்பதற்கென்றே டிஎன்எம்டி1 என்ற நொதி இருக்கிறது. எழுத்துகளைப் பிரதியெடுப்பது ஒரு நொதியின் வேலை, எழுத்தின் மேல் உள்ள குறியைப் பிரதியெடுப்பது வேறொரு நொதியின் வேலை. இரண்டும் கூடவே நடக்கின்றன. அடங்கிய எக்ஸ் மற்றதைவிடத் தாமதமாகப் பிரதியாகிறது என்பதையும் சொல்லுங்கள். ஆய்வகத்தில் அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

மைட்டாசிஸ் தொடங்கி எல்லாக் குரோமோசோம்களும் தடித்துக் குறுகும்போது எக்ஸிஸ்ட் ஆர்என்ஏ எக்ஸை விட்டுக் கழன்றுவிடுகிறது, போர்வை போய்விடுகிறது. அப்புறம் சேய் செல்லில் எந்த எக்ஸைப் போர்த்துவது என்று எப்படித் தெரியும்? வேலை செய்யும் எக்ஸில் உள்ள எக்ஸிஸ்ட் மரபணு, மீத்தைல் குறியால் வாயடைக்கப்பட்டிருக்கிறது. அடங்கிய எக்ஸில் அது மட்டும் குறி இல்லாமல் திறந்திருக்கிறது. பிரிதல் முடிந்ததும் அடங்கிய எக்ஸே தன் ஆர்என்ஏவைப் புதிதாகத் தயாரித்துத் தன்னைத் திரும்பப் போர்த்திக்கொள்கிறது. இத்தனைக்கும் அது கூடுதல் காவல்தான். அடங்கி முடிந்த எக்ஸிலிருந்து எக்ஸிஸ்டை நீக்கினாலும் பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது என்று 1994இல் காட்டிவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் சொன்ன 'ஒரே மாதிரியான' என்ற சொல்லில் பிழை இல்லை. ஆனால் அது எழுத்துகளைப் பற்றியது மட்டும். எதைப் படிப்பது, எதை விடுவது என்ற முடிவும் சேர்ந்தேதான் சேய் செல்லுக்குப் போகிறது. இதைச் சொல்லாமல் மைட்டாசிஸை நடத்தினால் பாதிதான் நடத்துகிறோம் என்பது என் திடமான எண்ணம். கல்லீரல் செல் பிரிந்து கல்லீரல் செல்லே பிறப்பதும் இதே அடிப்படையில்தான். அங்கே இத்தகைய குறிகளோடு, மரபணுக்களைத் தூண்டும் புரதங்களும் சேய் செல்களுக்குப் பங்காகப் போகின்றன.

பூனையின் மேல் உள்ள ஒவ்வொரு மஞ்சள் திட்டும், ஒரே முன்னோரின் வழி வந்த குடும்பங்கள் ஒரு தெரு முழுக்கக் குடியிருப்பதைப் போன்றது. கருவில் ஏதோ ஒரு செல் கறுப்பு எக்ஸை அடக்கியது. அதன் வாரிசுகள் அங்கே குடியேறின.

இந்த முடிவு எவ்வளவு அழுத்தமானது என்று காட்டிய பூனையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் ஒரு செல்லிலிருந்து உட்கருவை எடுத்து நகல் பூனை ஒன்றை உருவாக்கினார்கள். 2001 டிசம்பரில் பிறந்த அதற்கு சிசி என்று பெயர். டிஎன்ஏ எழுத்துகளில் அது ரெயின்போவின் அச்சு அசல். ஆனால் உடம்பில் மஞ்சளே இல்லை, பழுப்பும் வெள்ளையும்தான். உட்கரு எடுத்த அந்த ஒற்றைச் செல்லில் மஞ்சள் எக்ஸ் அடங்கியிருந்திருக்கிறது, நகலெடுத்தபோது அந்த முடிவு அழியவில்லை என்பதுதான் இதற்குத் தரப்படும் விளக்கம். இயற்கையில் அது அழிக்கப்படும் இடம் ஒன்று இருக்கிறது. கருமுட்டையாக மாறப்போகும் செல்களில் அடங்கிய எக்ஸ் திரும்ப விழித்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் தாயிடமிருந்து ஒற்றை எக்ஸை மட்டும் பெறும் மகன், அது அடங்கிய எக்ஸாக இருந்தால் பிழைக்கவே முடியாது.

அடங்கிய எக்ஸ் முழுதாக அடங்குவதும் இல்லை. மனிதரில் அதன் மரபணுக்களில் சுமார் 15 சதவீதம் தப்பித்துத் தொடர்ந்து வேலை செய்கின்றன. ஒரே எக்ஸோடு பிறக்கும் பெண்களுக்கு டர்னர் குறைபாடு (உயரம் குறைவது, சினைப்பை சரியாக வேலை செய்யாதது போன்றவை) வருவதும் அதனால்தான்.

இது பூனையோடு நிற்கும் விஷயம் இல்லை. மனிதப் பெண் ஒவ்வொருவரும் இப்படித் திட்டுகளால் ஆனவர்தான், வெளியே தெரிவதில்லை. நம் நாட்டில் இது நேரடியாகப் பொருட்படுவது, சிவப்பணுக்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டில். அதற்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒரு எக்ஸில் மட்டும் குறை உள்ள பெண்ணின் ரத்தத்தில் நொதி உள்ள சிவப்பணுக்களும் இல்லாதவையும் கலந்து ஓடுகின்றன. எர்னெஸ்ட் போய்ட்லர் 1962இலேயே இதைக் காட்டினார். கலவை எந்த விகிதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வைவாக்ஸ் மலேரியா திரும்ப வராமலிருக்கத் தரும் பிரிமாகுயின் மாத்திரை, நொதி இல்லாத சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடியது. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் எளிய சோதனையில் இப்படிப்பட்ட பெண்கள் சிலருக்கு 'நார்மல்' என்றே வந்துவிடும். அதனால் குடும்பத்தில் ஆண்களுக்கு இந்தக் குறை இருந்தால் பெண்கள் அதைத் தவறாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நல்லது.

கடைசியாக, கன்னத்து செல் சோதனை. அதில் பார் உறுப்பு தெரியும் என்பது உண்மை. ஆனால் தயவுசெய்து மாணவர்களை வைத்துச் செய்யாதீர்கள். விளையாட்டுப் போட்டிகளில் பெண்களைச் சோதிக்க 1968 முதல் இதே முறையைத்தான் பயன்படுத்தினார்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாட்டினோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்குப் போனபோது அவருடைய கன்னத்து செல்களில் பார் உறுப்பு இல்லை. பிறப்பிலிருந்தே பெண்ணாக வளர்ந்தவர். குரோமோசோம் எக்ஸ்ஒய், ஆனால் ஆண் ஹார்மோனுக்கு உடம்பு செவிசாய்க்காத அமைப்பு. அது அவருக்கே தெரியாது. செய்தி வெளியே கசிந்து, உதவித்தொகையும் தங்குமிடமும் போய், பதிவுகள் நீக்கப்பட்டு, நிச்சயித்தவரும் விலகினார். வாதாடி 1988இல் தகுதியைத் திரும்பப் பெற்றார். அதற்குள் அவருடைய நல்ல வருஷங்கள் போய்விட்டன.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அப்படி ஒருவர் இருக்க வாய்ப்பு குறைவுதான். இருந்தால் அதை அந்தப் பிள்ளையும் பெற்றோரும் ஒரு மருத்துவரின் அறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், வகுப்பில் மைக்ராஸ்கோப்புக்கு வரிசையில் நிற்கும்போது அல்ல. மைட்டாசிஸைக் காட்ட வெங்காய வேர்நுனி இருக்கிறது. பார் உறுப்புக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அச்சிட்ட படம் போதும். ஏன் நம்மை வைத்தே பார்க்கக் கூடாது என்று அந்தப் பெண் நிச்சயம் கேட்பாள். பாட்டினோவின் கதையை அப்போது அவளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்